வினிகரும் ஒரு நிமிடமும்

ஒட்டன்சத்திரம் என்றதும் பலருக்கும் காய்கறிச் சந்தைதான் நினைவுக்கு வரும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் அம்பிளிக்கையைப் புற்றுநோய் ஆய்வாளர்கள் வேறொரு காரணத்துக்காக அறிவார்கள். 2000ஆம் ஆண்டில் அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையம், பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையோடு சேர்ந்து திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 114 ஊர்த்தொகுதிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. மீதி 57இல் வழக்கமான மருத்துவ வசதியும் நோய் பற்றிய விளக்கமும் மட்டும். பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். பெரிய கருவி எதுவும் கிடையாது. பஞ்சு, நல்ல வெளிச்சம் தரும் விளக்கு, சமையலறை வினிகர் அளவுக்கு நீர்த்த அசிட்டிக் அமிலம், அவ்வளவுதான்.

முடிவுகள் 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் 83 பேர். அழைக்கப்படாத 30,958 பேரில் 92 பேர். வயது முதலிய வேறுபாடுகளைச் சரிக்கட்டிக் கணக்கிட்டபோது, வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த இந்தச் சோதனை இறப்பை 35 விழுக்காடு குறைத்திருந்தது. 30 முதல் 39 வயதுக்காரர்களிடம் பலன் இன்னும் அதிகம்; அவர்களிடம் இறப்பு 66 விழுக்காடு குறைந்தது.

அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. பரிசோதனை இலவசம், நர்ஸ்கள் ஊருக்கே வந்தார்கள். அப்படியும் வந்தவர்கள் 31,343 பேர்தான். நூறு பேரில் முப்பத்தாறு பேர் வரவில்லை. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. பெரிய மாநிலங்களில் இதுவே அதிகம் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டில் இந்தியாவில் இந்நோய் புதிதாகக் கண்டவர்கள் சுமார் 1.27 லட்சம் பேர், இறந்தவர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர்.

வராதவர்களை ‘விழிப்புணர்வு இல்லாதவர்கள்’ என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் பரிசோதனை அறை வாசலில் பெண்கள் கேட்கும் கேள்விகளைக் காதுகொடுத்துக் கேட்டால், பெரும்பாலானவை மருத்துவ உலகம் பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்ட அதே கேள்விகள். பதில்களும் கிடைத்திருக்கின்றன. அவை திண்டுக்கல் பெண்கள் போன்றவர்களின் உடலிலிருந்து கிடைத்த பதில்கள். கேட்கிற பெண்ணிடம் அவை போய்ச் சேரவில்லை.

“எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே?”

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தலைவலி இல்லாதவர் மாத்திரை வாங்கப் போவதில்லை. ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. ஏறத்தாழ எல்லாக் கேஸ்களுக்கும் மூலம் ஹெச்பிவி என்ற வைரஸ். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்ட் ட்ஸுர் ஹௌஸனின் குழு 1983இல் இதன் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டே 18ஆம் வகையையும் கட்டிகளில் கண்டுபிடித்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகளில் சுமார் பதினான்குதான் ஆபத்தானவை. இந்த 16, 18 இரண்டும் சேர்ந்து உலகின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம்.

வைரஸ் தொற்றியவர்களில் பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானாகவே அடக்கிவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது தங்கி, கர்ப்பப்பை வாயின் செல்களை மெல்ல மாற்றத் தொடங்குகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்ற வழக்கமாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகலாம். எய்ட்ஸ் வைரஸ் போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் இது சீக்கிரம் நடக்கும். இத்தனை ஆண்டுகளிலும் வலி இருக்காது, ரத்தம் படாது. பரிசோதனை தேடுவது இந்தச் சத்தமில்லாத காலத்து மாற்றத்தைத்தான். ஆகவே ‘ஒன்றும் இல்லாதவர்கள்’தான் இதற்கு உரியவர்கள்.

ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர்களின் வழி வேறு. உடலுறவுக்குப் பின் ரத்தம் படுதல், மாதவிலக்கு நின்றுபோன பிறகு மறுபடி படுதல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இவையெல்லாம் இருந்தால் முகாம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. நேரே மகளிர் நோய் மருத்துவரிடம் போக வேண்டும். போன வருடம் எடுத்த ‘நார்மல்’ ரிப்போர்ட் கையில் இருந்தாலும் போகத்தான் வேண்டும், ஏனென்றால் எந்தப் பரிசோதனையும் நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்லாது.

“போன மாசம்தான் வயித்துல ஸ்கேன் எடுத்தேன், அதுல தெரியாதா?” என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. தெரியாது. கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா, சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் காட்டும். கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் சில செல்கள் உருமாறியிருப்பதைக் காட்டும் திறன் அதற்கு இல்லை.

“உள்ளே என்ன பண்ணுவாங்க?”

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடப்பது சுருக்கமாக இதுதான். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். முழங்காலை மடக்கிப் படுத்ததும் துணி போர்த்துவார்கள். வாத்தின் அலகு போன்ற ஸ்பெகுலம் என்ற கருவியைப் பிறப்புறுப்புக்குள் மெதுவாகச் செலுத்தி விரிப்பார்கள். விளக்கை அந்தப் பக்கம் திருப்பினால் உள்ளே இளஞ்சிவப்பாக, நடுவில் சிறு துளையோடு ஒரு வட்டம் தெரியும். அதுதான் கர்ப்பப்பையின் வாய். நீண்ட குச்சியில் சுற்றிய பஞ்சை அசிட்டிக் அமிலத்தில் நனைத்து அதன்மேல் ஒற்றி எடுத்துவிட்டு, நர்ஸ் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு முழு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

அந்த நிமிடத்தில் நடப்பது எளிய வேதியியல். உருமாறிய செல்களில் கருவும் புரதமும் நெருக்கமாக இருக்கும். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் தற்காலிகமாக உறையும். வெளிச்சம் ஊடுருவாமல் திரும்பிவிடும். அந்த இடம் மட்டும் விளிம்பு தெளிந்த வெள்ளைத் திட்டாகக் கண்ணுக்குப் படும். கொஞ்ச நேரத்தில் அது மங்கி மறைந்துவிடும். இதைத்தான் ‘விஐஏ’ என்கிறார்கள். சில இடங்களில் இதன் பிறகு அயோடினும் தடவுவார்கள். நல்ல தோல் கரும்பழுப்பாகும், மாறிய இடம் நிறம் ஏறாமல் மஞ்சளாகவே நிற்கும்.

வலிக்குமா என்றால், பெரும்பாலோருக்கு அழுத்தமும் கூச்சமும்தான் தெரியும்; அமிலம் பட்டதும் சிலருக்கு லேசாக எரியும். பிள்ளை பெறாதவர்களுக்கும், மாதவிலக்கு நின்று தோல் உலர்ந்தவர்களுக்கும் வலி கூடுதலாக இருக்கலாம். “பல்லைக் கடிச்சுக்கோம்மா” என்பது இதற்கு வைத்தியம் ஆகாது. சிறிய அளவு ஸ்பெகுலம் இருக்கிறது, அதைக் கேட்கலாம். பெண் மருத்துவரோ நர்ஸோதான் பார்க்க வேண்டும் என்றும், திரையை இழுத்துவிடச் சொல்லியும் கேட்கலாம். இடையில் தாங்க முடியாமல் போனால் நிறுத்தச் சொல்லவும் பெண்ணுக்கு உரிமை உண்டு.

மாதவிலக்கு நாட்களைத் தவிர்ப்பது நல்லது. முந்தைய ஓரிரு நாட்களில் உடலுறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம்.

மூன்று சோதனைகள், மூன்று ஊர்கள்

விஐஏ ஏழைநாடுகளின் தேவையில் பிறந்த முறை. அதற்கு முன்னோடி, ஊரெங்கும் தெரிந்த ‘பாப் ஸ்மியர்’. கிரேக்கத்தில் பிறந்து நியூயார்க்கில் வேலை பார்த்த ஜார்ஜ் பாபனிகொலாவ், கண்ணாடித் தகட்டில் தடவிய செல்களை நுண்ணோக்கியில் பார்த்தே புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று 1928இல் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1940களில்தான் உலகம் அவர் பக்கம் திரும்பியது. அந்த ஆய்வுக்காகப் பல ஆண்டுகள் தன் உடலிலிருந்தே மாதிரி கொடுத்துவந்தவர் அவருடைய மனைவி ஆன்ட்ரோமகி.

மேற்கு நாடுகளில் பாப் ஸ்மியர் இந்நோயை வெகுவாகக் குறைத்தது. ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும், செல்களைப் படிக்கத் தெரிந்த நிபுணர் வேண்டும். முடிவு வர நாளாகும். அதற்குள் அந்தப் பெண் கரும்பு வெட்டப் போயிருப்பார், அல்லது மகள் பிரசவத்துக்கு வெளியூர் போயிருப்பார். விஐஏயில் முடிவு அங்கேயே தெரியும், சிகிச்சையையும் அன்றே செய்துவிடலாம்.

விஐஏக்கும் பலவீனம் உண்டு. பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் நம்பியே அது நிற்கிறது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை சுமார் 1.5 லட்சம் பெண்களிடம் செய்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை பரிசோதித்ததில் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலோ, இன்று தாராசிவ் எனப்படும் மாவட்டத்தில், ஒரு தடவை செய்த விஐஏ இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. அதோடு ஐம்பது வயதை ஒட்டி, பார்க்க வேண்டிய பகுதி கர்ப்பப்பை வாயின் உட்குழாய்க்குள் போய்விடுவதால் வயதானவர்களிடம் விஐஏ சரிப்படாது.

உஸ்மானாபாத் ஆய்வு விஐஏ, பாப் ஸ்மியர், ஹெச்பிவி சோதனை மூன்றையும் ஒரே களத்தில் மோதவிட்டது. 1999 முதல் 1.31 லட்சம் பெண்கள் நான்கு குழுக்களாகச் சேர்க்கப்பட்டார்கள். எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பரிசோதனை இல்லாத குழுவின் சுமார் 31 ஆயிரம் பேரில் இறந்தவர்கள் 64. ஹெச்பிவி வைரஸுக்கான சோதனைக்கு அழைக்கப்பட்ட சுமார் 34 ஆயிரம் பேரில் 34. இறப்பு ஏறத்தாழ பாதியாகிவிட்டது. வைரஸ் இல்லை என்று முடிவு வந்தவர்களுக்குப் பின்னால் புற்றுநோய் வந்த விகிதம், பாப் ஸ்மியரிலோ விஐஏயிலோ ‘நார்மல்’ என்று வந்தவர்களைவிட நான்கில் ஒரு பங்குதான்.

2009இல் வெளியான இந்த முடிவு உலகின் போக்கை மாற்றியவற்றில் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஹெச்பிவி சோதனையையே முதல் தேர்வாகச் சொல்கிறது: 30 வயதில் தொடங்கி, ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒரு தடவை. ஹெச்ஐவி உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை. விஐஏ, பாப் ஸ்மியர் மட்டுமே கிடைக்கும் இடங்களில் மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் செயல்திட்டம் 30 முதல் 65 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை விஐஏ என்றது.

இந்த ஆய்வுகளின்மேல் ஒரு நிழலும் விழுந்திருக்கிறது. பாப் ஸ்மியரின் பயன் தெரிந்திருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பரிசோதிக்காமல் கவனித்துக்கொண்டிருந்தது சரியா என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது. அந்த ஊர்களில் அன்றைய வழக்கமான கவனிப்பு என்பதே பரிசோதனை இல்லாமைதான் என்பது ஆய்வாளர்களின் பதில். விவாதம் எப்படியிருந்தாலும், திண்டுக்கல்லில் இறந்த அந்த 92 பேரும் இந்த அறிவுக்கான விலையின் ஒரு பகுதி.

“பாசிட்டிவ்னா கேன்சரா?”

இந்தக் கேள்விக்கு எண்களே பதில் சொல்லும். திண்டுக்கல்லில் பரிசோதிக்கப்பட்ட 31,343 பேரில் 3,088 பேருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது, அதாவது பத்தில் ஒருவருக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. புண், அழற்சி இருந்தாலும்கூட அந்த இடம் வெளுக்கும். ‘பாசிட்டிவ்’ என்றால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று பொருள். அடுத்த கட்டம் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கி வழியாகப் பார்ப்பது. தேவைப்பட்டால் மிளகளவு சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். சதையைக் கிள்ளினால் கேன்சர் பரவிவிடும் என்ற பயம் ஊர்களில் வேரோடியது. இந்த பயாப்ஸியால் அப்படிப் பரவுவதில்லை.

“சரி, கேன்சருக்கு முன்நிலைதானே, விட்டுப் பார்க்கலாமே?” என்ற கேள்விக்கும் ஒரு பதில் உண்டு. அது மருத்துவ வரலாற்றின் கசப்பான பக்கம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உள்ள தேசிய மகளிர் மருத்துவமனையில் 1960களின் நடுவிலிருந்து ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர், தீவிர முன்நிலை மாற்றம் புற்றுநோயாவதில்லை என்று நம்பிப் பல பெண்களுக்கு உரிய சிகிச்சை தராமல் கண்காணித்துவந்தார். அவர்களுக்கே இது தெரியாது. 1987இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை இதை வெளியே கொண்டுவர, அரசு விசாரணை நடந்தது. பின்னர் அந்தப் பழைய பதிவேடுகளை அலசியபோது, போதிய சிகிச்சை பெறாதவர்களில் 30 ஆண்டுகளுக்குள் 31 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களிடம் அது 0.7 விழுக்காடு.

மூன்றில் இருவருக்கு மேல் தப்பினார்கள் என்பதும், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்பதும் ஒரே எண்ணின் இரண்டு பக்கங்கள். லேசான மாற்றங்கள் தானே மறைவது வழக்கம். அவற்றைக் கண்காணித்தாலே போதும். தீவிர மாற்றத்துக்குக் குளிரால் உறையவைப்பது, சூட்டால் சுடுவது, மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்குவது என்று எளிய சிகிச்சைகள் உண்டு. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. பிள்ளை பெறும் வாய்ப்பும் போய்விடாது. வளைய முறையில் மட்டும் பின்னர் குறைப்பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்பதால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

ஹெச்பிவி சோதனை வந்த பிறகு இன்னொரு கேள்வி சேர்ந்துகொண்டது. உடலுறவால் பரவும் வைரஸ் என்று சொன்னதும் அறையில் பேச்சு அடங்கிவிடும். “அப்ப அவர்கிட்ட இருந்து வந்துச்சா?” என்று மனைவி கேட்பார், வீட்டில் கணவர் அதையே திருப்பிக் கேட்பார். உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் தொற்றும். பல ஆண்டுகள் அடையாளம் காட்டாமல் கிடந்துவிட்டு, பின்னர் சோதனையில் அகப்படலாம். யாரிடமிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. இன்றைய ‘பாசிட்டிவ்’ முடிவு யாருடைய நடத்தைக்கும் சாட்சி ஆகாது. இதை முடிவு வந்த பிறகு சமாதானமாகச் சொல்வதைவிட, மாதிரி எடுக்கும் முன்பே சொல்லிவிடுவதுதான் முறை. உஸ்மானாபாத்தில் நூறு பேரில் பத்துப் பேருக்கு வைரஸ் இருந்தது. அத்தனை வீட்டிலும் இந்தப் பேச்சு எழக்கூடும்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

மாதவிலக்கு நின்றவர்கள், கணவரை இழந்து பல ஆண்டுகள் ஆனவர்கள் ‘இனி எனக்கு எதற்கு’ என்று விலகிவிடுகிறார்கள். வைரஸ் வந்தது இருபது ஆண்டுகளுக்கு முன்னதாக இருக்கலாம் என்பதால் அவர்களுக்கும் 65 வயது வரை வேண்டும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்க்க வேண்டும். வேறு காரணத்துக்காக வாய்ப்பகுதியோடு முழுவதும் எடுத்திருந்தால் சோதனை தேவையில்லை. மேல்பகுதியை மட்டும் எடுத்து வாய்ப்பகுதியை விட்டிருந்தால் தேவை. தடுப்பூசி போட்டவர்களுக்கும் உரிய வயதில் சோதனை உண்டு. தடுப்பூசி எல்லா ஆபத்தான வகைகளையும் தடுப்பதில்லை, ஏற்கெனவே உள்ள தொற்றை ஆற்றுவதுமில்லை.

சங்கடமான கேள்வி திருமணமாகாதவர்களுடையது. நம் முகாம்களின் பேச்சு முழுக்கத் ‘திருமணமான பெண்கள்’ என்றே தொடங்குகிறது. இலங்கையில் 1996 முதல் இயங்கும் வெல் வுமன் கிளினிக்குகளும் மணமானவர்களை மனத்தில் வைத்தே எழுந்தவை. வைரஸுக்குத் தாலி தெரியாது. உடலுறவு அனுபவமே இல்லாதவர்களுக்கு அபாயம் மிகமிகக் குறைவு. அனுபவம் உள்ள, மணமாகாத பெண் தன் நிலையைச் சொல்ல அஞ்சி வராமலே இருந்துவிடுகிறார்.

கட்டிலும் ஸ்பெகுலமும் கூச்சமும்தான் தடை என்றால், அதைத் தாண்ட ஒரு வழி வந்துவிட்டது. ஹெச்பிவி சோதனைக்குக் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. பஞ்சு முனைக் குச்சியைப் பெண்ணே உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்துக் கொடுத்தால் போதும். பொருத்தமான கருவியில் சோதித்தால், இது மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு ஏறத்தாழ ஈடானது. மலேசியாவில் மலாயா பல்கலைக்கழகம் 2018இல் தொடங்கிய ‘ரோஸ்’ திட்டத்தில், கிளினிக்குக்கு வரும் பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். முடிவு கைப்பேசிக்கு வருகிறது. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரில் பாப் ஸ்மியரைக் கைவிட்டு ஹெச்பிவி சோதனைக்கு மாறியது. 2022 ஜூலை முதல் சுயமாதிரி அங்கே எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. சுயமாதிரியில் வைரஸ் இருந்தால் மட்டும் கட்டிலுக்கு வர வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்கு அந்தத் தேவையே வராது.

வர வேண்டிய அந்த ஒருவரைத் திரும்ப அழைத்துவருவதுதான் மிகக் கடினமான வேலை. திண்டுக்கல்லில் முன்நிலை மாற்றம் இருந்த 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 விழுக்காடு. செவிலியர்கள் ஊருக்கே வந்தும் ஐந்நூறு பேருக்கு மேல் விடுபட்டுப்போனார்கள். 2030க்குள் 70 விழுக்காடு பெண்களை 35 வயதுக்குள் ஒரு தடவையும் 45 வயதுக்குள் மறுதடவையும் சோதிக்க வேண்டும், நோய்நிலை கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் குறித்த இலக்கில், இரண்டாவது பாதிதான் அதிகம் வழுக்குகிறது.

ஆகவே, பரிசோதனை முடிந்து வெளியே வரும் பெண் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி கையிலுள்ள சீட்டைப் பற்றியது. எந்தச் சோதனை செய்தார்கள், விஐஏயா, பாப் ஸ்மியரா, ஹெச்பிவியா? முடிவு என்ன, அல்லது எப்போது, எந்த எண்ணுக்கு வரும்? ‘நார்மல்’ என்றால் மறுபடி எந்த ஆண்டில்? ‘பாசிட்டிவ்’ என்றால் எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும்? பல சீட்டுகளில் ஓர் ஓ.பி. எண்ணும் ஒரு கையெழுத்தும்தான் இருக்கும். மீதியை அங்கேயே நின்று கேட்டு, நர்ஸ் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் ஒரு நிமிடம்தான் ஆகும்.